16வது பிரிவு இருந்தும் 2016ல் எஸ்ஏபிசி செய்தியை வெட்ட முடிந்தது எப்படி?

அக்கா மகன் சென்னையில் இதழியல் படிக்கிறான். போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "மாமா, உங்க தென்னாப்பிரிக்கா அரசியல் சாசனத்துல 16வது பிரிவு பத்திரிகைக்கும் மத்த ஊடகத்துக்கும் சுதந்திரம் உண்டுன்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு. அப்புறம் 2016ல போராட்டத்துல கட்டடம் எரியறதை டிவியில காட்டக் கூடாதுன்னு எப்படி உத்தரவு போட்டாங்க? எந்தச் சட்டத்துல?" குரல் பதிவில் பதில் சொல்ல ஆரம்பித்தேன், ஏழு நிமிடம் பேசியும் 1977ஐ விட்டு நகரவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன், சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன், மிச்ச நேரத்தில் இந்த ஊர் நீதிமன்றத் தீர்ப்புகளைப் படிக்கிற ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது.

நேர் பதில் முதலில். எந்தச் சட்டத்திலும் இல்லை. எந்த அமைச்சரும் கையெழுத்துப் போடவில்லை. அரசாங்க வானொலி, தொலைக்காட்சி நிறுவனமான எஸ்ஏபிசியின் தலைமைச் செயல்பாட்டு அதிகாரி ஒருவர், பொதுச் சொத்தை அழிக்கும் காட்சியை இனி காட்டப் போவதில்லை என்று 2016 மே 26 அன்று அறிவித்தார், அவ்வளவுதான். நீ சட்டப் புத்தகத்தில் தேடுகிறாய். அது கிடந்தது நியமனக் கோப்பில்.

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் இப்படி மறைத்துச் செய்யவேண்டிய அவசியமே இருக்கவில்லை. 1977 அக்டோபர் 19 அன்று ஒரே நாளில் தி வேர்ல்ட், வீக்கெண்ட் வேர்ல்ட் பத்திரிகைகள் இரண்டையும் மூடினார்கள், ஆசிரியர் பெர்சி கொபோசாவை உள்ளே தள்ளினார்கள், டெய்லி டிஸ்பாட்ச் ஆசிரியர் டொனால்ட் வுட்ஸ் எழுதவும் பேசவும் கூடாது என்று ஐந்து வருடத் தடை போட்டார்கள். முந்தின வருடம் சொவேட்டோ மாணவர் போராட்டத்தில் சுடப்பட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் ஓடுகிற அந்தப் படம், சாம் ன்சிமா எடுத்தது, வெளிவந்தது தி வேர்ல்டில்தான். டிவி விஷயமோ இன்னும் கேலிக்கூத்து. இவ்வளவு வசதியான நாட்டுக்கு டிவி வந்ததே 1976 ஜனவரியில்தான். அதற்கு முன்னால் தபால் துறை அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஹெர்ட்சோக் அதைப் பிசாசுப் பெட்டி என்றே சொல்லி வரவிடாமல் வைத்திருந்தார். வந்த பிறகு அது யாருடைய பெட்டியாக இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. எஸ்ஏபிசி போர்டின் தலைவராக 1959லிருந்து 1980 வரை இருந்த பீட் மேயர், ப்ரூடர்பாண்ட் என்ற ஆஃப்ரிக்கானர் ரகசிய சங்கத்துக்கும் பல வருடம் தலைவர்.

1985 நவம்பரில், நெருக்கடி நிலை இருந்த இடங்களில் கலவரத்தைப் படம் பிடிக்கவோ ஒலிப்பதிவு செய்யவோ கூடாது என்று உத்தரவு வந்தது. 1986 ஜூன் 12 முதல் நாடு முழுக்க நெருக்கடி நிலை. என் மனைவி இந்த ஊர்க்காரி, கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழி. அவளுடைய பெரியப்பா மெர்பேங்கில் இருந்தார், அவர் தகரப் பெட்டியில் வீக்லி மெயில் இதழ் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார், 1986 ஜூன் மாதத்தது. முதல் பக்கத்தில் மூன்று வரி ஆங்கிலம், அப்புறம் தார் ஊற்றின மாதிரி கறுப்புப் பட்டை, மறுபடி அரை வரி, மறுபடி பட்டை. ஓரிடத்தில் இரண்டு பட்டைக்கு நடுவே 'அண்ட்' என்ற ஒரே சொல் தப்பித்து நின்றது. பெரியப்பா அதன் மேல் விரலை வைத்து, "இது மட்டும் அரசாங்கத்துக்கு ஆபத்தில்லைன்னு முடிவு பண்ணியிருக்காங்க" என்றார். (அவர் பேசியது ஆங்கிலத்தில்தான். இங்கே அந்தத் தலைமுறைக்கே தமிழ் பாட்டிலும் தேவாரத்திலும்தான் மிச்சம்.) 75ல் இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்தை வெற்றிடமாக விட்டது உனக்குப் பாடமாகவே வந்திருக்கும். அதே உத்தியைத்தான் இங்கேயும் செய்தார்கள். அரசாங்கம் பார்த்தது, அந்த வருடக் கடைசியில் வந்த விதிமுறையில் வெற்றிடம் விடுவதையும் தடை செய்துவிட்டது. தணிக்கை நடக்கிறது என்று காட்டுவதற்கே தணிக்கை!

அந்தக் காலத்தில் சிறைக்குப் போனவர்களில் ஒருவர் பெயரை நினைவில் வை: ஸ்வெலாகே சிசுலு, நியூ நேஷன் ஆசிரியர். 1986 டிசம்பரிலிருந்து இரண்டு வருடம் விசாரணையில்லாமல் அடைத்து வைத்தார்கள், பத்திரிகையையும் 88ல் மூன்று மாதம் நிறுத்தினார்கள். அதே மனிதர் 1994ல் எஸ்ஏபிசிக்கே தலைமை நிர்வாகியாகப் போனார். இதை எழுதும்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

சரி, 94ல் வெள்ளையர் ஆட்சி போனதற்கு அப்புறம் என்ன மாறியது? காகிதத்தில் நிறைய மாறியது. 16வது பிரிவு வந்தது; போர்த் தூண்டல், உடனடி வன்முறைக்குத் தூண்டல், இனம் மதம் பால் அடிப்படையிலான வெறுப்புப் பிரச்சாரம், இந்த மூன்றுக்கு மட்டும் அதில் பாதுகாப்பு கிடையாது, வேறு எதையும் அரசாங்கம் சும்மா தடுக்க முடியாது. 192வது பிரிவு ஒலி-ஒளிபரப்பைக் கண்காணிக்கச் சுதந்திரமான அமைப்பு வேண்டும் என்கிறது, அதுதான் இப்போதைய இக்காசா. எஸ்ஏபிசி போர்டுக்கு ஆட்களை நாடாளுமன்றம் பொது விசாரணை வைத்துத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கும், ஜனாதிபதி நியமிப்பார். நம் ஊர் தூர்தர்ஷனோடு ஒப்பிட்டால் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம்.

ஆனால் அந்தப் போர்டுக்குக் கீழே அன்றாடம் முடிவெடுக்கிற அதிகாரியை யார் கொண்டுவந்து உட்காரவைக்கிறார்கள் என்பதில்தான் ஓட்டை. 2006லேயே வாடை அடித்தது. சில விமர்சகர்களை நிகழ்ச்சிக்குக் கூப்பிடக் கூடாது என்று செய்திப் பிரிவில் வாய்மொழி உத்தரவு இருப்பதாகப் புகார் கிளம்பியது, விசாரிக்க இரண்டு பேரை நியமித்தார்கள், அதில் ஒருவர் யார் தெரியுமா, அதே சிசுலு. சிலரை ஒதுக்கியது உண்மைதான் என்று அந்த விசாரணை சொன்னது. அப்போதைய செய்திப் பிரிவுத் தலைவர் பதவியை விட்டுப் போனாரா? போகவில்லை.

அடுத்து வந்தவர்தான் அந்த 2016 அறிவிப்பைச் செய்த அதிகாரி, ஹ்லாவ்டி மொட்சுவெனெங். 2011ல் தற்காலிகத் தலைமைச் செயல்பாட்டு அதிகாரி ஆனார். செய்தியில் எழுபது சதவீதம் நல்ல செய்தியாக இருக்கட்டும் என்று 2013லேயே சொல்லிவிட்டார். இங்கே பப்ளிக் ப்ரொடெக்டர் என்று ஒரு பதவி உண்டு, நம் ஊர் லோக் ஆயுக்தா மாதிரி, ஆனால் பல் உள்ளது. அதில் இருந்த துலி மடொன்செலா 2014 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டார்: இவர் மெட்ரிக் தேர்ச்சி பற்றி விண்ணப்பத்தில் பொய் சொல்லியிருக்கிறார், சம்பளம் முறைகேடாக ஏறியிருக்கிறது என்று. ஐந்து மாதம் கழித்து, அதே 2014 ஜூலையில், தகவல் தொடர்பு அமைச்சர் ஃபெய்த் முத்தாம்பி இவரை நிரந்தரம் ஆக்கினார். இப்போது புரிகிறதா, 2016ல் ஏன் அமைச்சர் எந்த உத்தரவும் போடவேண்டியிருக்கவில்லை என்று? வேலை இரண்டு வருடம் முன்னாலேயே முடிந்துவிட்டது.

எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கு இந்த விஷயம் முதலில் செய்தியாக வரவில்லை, பாட்டாக வந்தது. 2016 மே நடுவில் எஸ்ஏபிசியின் எல்லா வானொலிகளும் 90 சதவீதம் உள்நாட்டு இசைதான் போடவேண்டும் என்று அதே அதிகாரி அறிவித்தார். ஸூலு வானொலிக்கு அது சரி. லோட்டஸ் எஃப்எம் என்ன செய்யும்? அது 1983ல் இந்திய வம்சாவளியினருக்கென்று தொடங்கின வானொலி, தமிழ், இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருது என்று நேரம் பிரித்து ஓடுவது. இங்கே இன்று தமிழில் ஒரு பத்திரிகை கிடையாது. (ஒரு காலத்தில் இருந்தது. காந்தியின் இந்தியன் ஒப்பீனியன் 1903ல் தமிழ்ப் பக்கத்தோடுதான் தொடங்கியது, 1908ல் பி.எஸ். ஐயர் ஆஃப்ரிக்கன் க்ரானிக்கிள் நடத்தினார், தமிழும் ஆங்கிலமுமாக.) ஆக, காதில் தமிழ் விழ லோட்டஸ்தான் கதி. எதிர் வீட்டுப் பாட்டி ஒருத்தர் காலையில் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். அந்த வாரம் தெரிந்த பாட்டே வரவில்லை. ரேடியோவின் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினார், பேட்டரியை மாற்றிப் பார்த்தார், கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஏரியல் உடைஞ்சிருச்சா பாரு" என்றார். ஏரியல் நன்றாகத்தான் இருந்தது. ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு ஆள் முடிவு பண்ணியிருக்கிறார் பாட்டி என்று நான் சொன்னதை அவர் நம்பவேயில்லை. ஒரு ஆள் எப்படி எல்லார் வீட்டுப் பாட்டையும் நிறுத்த முடியும்? நீ கேட்ட கேள்வியும் அதேதான்.

இரண்டு வாரத்துக்குள் செய்தித் தடை வந்தது. இதை ஏன் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது என்றால், எஸ்ஏபிசி என்பது ஒரு சேனல் இல்லை. பதினொரு மொழியில் செய்தி சொல்கிற நிறுவனம். அதன் ஸூலு வானொலி உகோசி எஃப்எம்மை மட்டும் 70 லட்சத்துக்கு மேல் பேர் கேட்கிறார்கள். டிஎஸ்டிவி சந்தா கட்டுகிறவன் வேறு செய்திச் சேனலுக்குத் தாவிவிடலாம். கிராமத்துக்காரனுக்குத் தாவ அவ்வளவு கிளை இல்லை. ஆகஸ்ட் 3 அன்று உள்ளாட்சித் தேர்தல். ஜூன் மாதம் ட்ஷ்வானேயில் (தலைநகர் பிரிட்டோரியா இருக்கிற மாநகராட்சி), ஆளுங்கட்சியின் மேயர் வேட்பாளர் யார் என்ற சண்டையில் பஸ்கள் எரிந்தன. எரிந்தது ஆளுங்கட்சிக்குள்ளேயே இருந்த பிளவு. அதைக் காட்டாமல் இருப்பது யாருக்கு லாபம் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

அதிகாரி சொன்ன காரணத்தையும் நியாயமாகப் பார்க்கவேண்டும். கேமராவைப் பார்த்தால் கூட்டம் இன்னும் எரிக்கிறது, குழந்தைகள் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன என்றார். இது முழுப் பிதற்றல் இல்லை. 2021 ஜூலையில் எங்கள் ஊரே சூறையாடப்பட்டபோது நான் அதைப் பற்றி நிறைய யோசித்தேன். டிவியில் கடை உடைப்பதை நேரலையில் காட்டினார்கள், போலீஸ் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது, அடுத்த கடைக்குக் கூட்டம் போனது. அது உண்மை. இன்னொரு பக்கம் என் போனில் மணிக்கு நாற்பது குரல் பதிவு வந்தது, இந்தத் தெருவுக்கு வருகிறார்கள், அந்தப் பாலத்தைத் தாண்டிவிட்டார்கள், தண்ணீரில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று. தெருமுனையில் நானும் இரண்டு இரவு கட்டையோடு நின்றேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயத்தில்தான். எங்கள் தெருவைப் பொறுத்தவரை பயத்தைக் குறைத்தது டிவி. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்தப் பாலத்தில் உண்மையில் ஒருவரும் இல்லை என்று கண்ணால் பார்த்தபோதுதான் ஆண்கள் வீட்டுக்குப் போனார்கள். டர்பனின் இன்னொரு இந்தியர் பகுதியான ஃபீனிக்ஸில் அப்படி நடக்கவில்லை. அங்கே மட்டும் 36 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், நம் ஆட்கள் போட்ட தடுப்புகளில். படம் காட்டினால் ஆபத்து என்பது பாதி. காட்டாவிட்டால் அந்த இடத்தை வதந்தி நிரப்பும் என்பது மிச்சப் பாதி, அதைத் தடை போடுகிறவர்கள் சொல்லமாட்டார்கள். எதை எவ்வளவு நேரம் காட்டலாம் என்று செய்தி ஆசிரியர் முடிவு செய்தால் அது தொழில் விவேகம். மேலேயிருந்து மொத்தமாக ஒரு வகைப் படமே வேண்டாம் என்றால் அது தணிக்கை. இரண்டையும் குழப்பக் கூடாது.

இனி தடை எப்படி உடைந்தது. இதுதான் கதையில் எனக்குப் பிடித்த பகுதி, கூடவே வயிற்றைப் பிசையும் பகுதி.

ஜூனில் எஸ்ஏபிசி அலுவலக வாசலிலேயே தணிக்கையை எதிர்த்து ஒரு போராட்டம். அதைச் செய்தியாக்கக் கூடாது என்று உள்ளே உத்தரவு. செய்திக் கூட்டத்தில் மூன்று பேர் அதை ஒப்புக்கொள்ளவில்லை: தாண்டெகா க்குபூலே, ஃபூட்டா க்ரிகே, சூனா வென்டர். மூவரும் சஸ்பெண்ட். அவர்களுக்காகக் கடிதம் எழுதினார்கள் இன்னும் மூவர்: புசிசிவே ன்டூலி, ஜாக் ஸ்டீன்காம்ப், கிரிவாணி பிள்ளை. (ஆமாம், பிள்ளைதான். இங்கே டெலிபோன் புத்தகத்தில் பிள்ளையும் நாயுடுவும் கோவிந்தரும் பக்கம் பக்கமாக இருப்பார்கள்.) கேப் டவுனிலிருந்து நாடாளுமன்றச் செய்தியாளர் லுக்கான்யோ கலாட்டா தன் பெயரிலேயே அறிக்கை விட்டார். அவருடைய அப்பா ஃபோர்ட் கலாட்டா, 1985 ஜூன் 27 அன்று வெள்ளை அரசின் போலீஸ் கொன்ற க்ராடொக் நால்வரில் ஒருவர். எட்டாவது ஆள் வூயோ ம்வோக்கோ, ஒப்பந்தப் பணியாளர், உள்ளே படும் பாட்டைப் பத்திரிகையில் எழுதினார். தற்காலிகத் தலைமை நிர்வாகி ஜிமி மேத்யூஸ் அவராகவே ராஜினாமா செய்துவிட்டுப் போனார். எட்டுப் பேரையும் ஜூலையில் வேலையைவிட்டு நீக்கினார்கள்.

இதே நேரத்தில் வெளியே வேறு ஆட்கள் நகர்ந்தார்கள். மீடியா மானிட்டரிங் ஆஃப்ரிக்கா போன்ற அமைப்புகள் இக்காசாவிடம் புகார் கொடுத்திருந்தன. ஜூலை 11 அன்று இக்காசா தீர்ப்புச் சொன்னது: தடை செல்லாது, திரும்பப் பெறு. எஸ்ஏபிசி முரண்டு பிடித்தது. ஹெலன் சுஸ்மன் ஃபவுண்டேஷன் உயர் நீதிமன்றம் போனது, ஜூலை 20 அன்று தடையை அமல்படுத்தமாட்டோம் என்று எஸ்ஏபிசி இறங்கி வந்தது. ஜூலை 26 அன்று தொழிலாளர் நீதிமன்றம் நான்கு பேரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது, மற்ற மூன்று ஊழியர்களும் பின்னாலேயே உள்ளே போனார்கள். ம்வோக்கோ மட்டும் ப்ளூம்ஃபோன்டெயினில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் அடுத்த வருடம் ஜெயித்தார்.

ஆக, அறிவிப்பிலிருந்து கணக்குப் போட்டால் தடை உயிரோடு இருந்தது எட்டு வாரம். 16வது பிரிவு தன்பாட்டுக்கு எழுந்துவந்து காப்பாற்றவில்லை. செய்தி அறைக்குள்ளேயே முடியாது என்று சொன்ன ஆட்கள் இருந்தார்கள், வழக்குப் போடப் பணமும் வக்கீலும் உள்ள அமைப்புகள் வெளியே தயாராக நின்றன, அதனால் அந்தப் பிரிவுக்கு வேலை கிடைத்தது. பரீட்சையில் இதைக் கேட்டால் இப்படியே எழுது.

சூனா வென்டருக்கு அதன் பிறகு மிரட்டல் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அவர் மீது தாக்குதலும் நடந்தது, முகத்தில் பாய்ந்த குண்டுச் சிதறலை அறுவை சிகிச்சை செய்து எடுக்கவேண்டியிருந்தது. 2017 ஜூன் 29 அன்று தன் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 32. தீராத மன அழுத்தத்தில் இதயத் தசை பலவீனமாகும் நோய் அவருக்கு இருந்தது என்று குடும்பம் சொன்னது. அதற்கு ஆங்கிலத்தில் உடைந்த இதயம் என்றே பெயர். எட்டு வாரத்தில் தடை போய்விட்டது என்று மேலே எழுதினேன் இல்லையா, இதையும் சேர்த்துப் படி.

நாடாளுமன்றம் விசாரணை வைத்தது, இடைக்காலப் போர்டு வந்தது, 90 சதவீத விதி போனது, 2017 ஜூனில் அந்த அதிகாரி நீக்கப்பட்டார். ஆனால் இந்தச் செய்திகளில் யாரும் கவனிக்காமல் விட்டது அதே வருடம் அக்டோபரில் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பை. எஸ்ஏபிசியின் தலைமை அதிகாரிகளை நியமிப்பதில் அமைச்சருக்கு இனி அதிகாரம் இல்லை என்றது அது. நியமனக் கோப்பு என்று முதலில் சொன்னேனே, அந்த ஓட்டையை அடைத்தது இந்தத் தீர்ப்புதான். டிவியில் இதற்கு நாற்பது வினாடி கொடுத்தார்களோ என்னவோ.

பக்கவாட்டில் ஒன்று. 2015 பிப்ரவரி 12, நாடாளுமன்றத்தில் ஜனாதிபதி ஜூமாவின் வருடாந்தர உரை நாள். நாடாளுமன்றத்துக்குள் போன் சிக்னல் செத்துப்போனது, ஜாமர் வைத்திருந்தார்கள். மாடத்தில் இருந்த செய்தியாளர்கள் போனை உயரத் தூக்கிப் பிடித்து, சிக்னலைத் திரும்பக் கொடு என்று கோஷம் போட்டதை நான் வீட்டில் உட்கார்ந்து நேரலையில் பார்த்தேன். ஜாமர் எடுத்தபிறகுதான் அடிதடி. வெள்ளைச் சட்டை போட்ட ஆட்கள் வந்து எதிர்க்கட்சி உறுப்பினர்களை இழுத்துப் போனார்கள், ஆனால் நாடாளுமன்ற ஒளிபரப்பின் கேமரா சபாநாயகர் முகத்தைவிட்டு அசையவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. மறுவருடம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜாமரும் தப்பு, அந்தக் கேமரா விதியும் தப்பு என்றது. அதற்கும் எந்த அமைச்சரும் சட்டம் போடவில்லை பார்.

இனி நடக்குமா என்று நீ கேட்கவில்லை, கேட்பாய். எஸ்ஏபிசியை இப்போது இறுக்குவது பணம். டிவி லைசென்ஸ் வருடத்துக்கு 265 ராண்ட், பெரும்பாலோர் கட்டுவதில்லை, என் மாமியார் உட்பட. நான் எத்தனை சொல்லியும், "அவன் பாட்டை நிறுத்தினான்ல, நான் காசை நிறுத்தறேன்" என்கிறார். விளம்பரமும் போதவில்லை, அதனால் அரசாங்கத்தின் கையை எதிர்பார்க்கவேண்டியிருக்கிறது. 2021ல் செலவைக் குறைக்க 621 பேர் வெளியே போனார்கள். கை நீட்டி வாங்குகிற இடத்தை எதிர்த்துச் செய்தி போட எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நீயே யோசி, நம் ஊரில் அரசு விளம்பரத்தை நம்பி இருக்கிற பத்திரிகைகளைப் பார்த்தவன்தானே நீ.

போர்டும் பார்க்கவேண்டிய இடம். 2022 அக்டோபரில் பழைய போர்டின் காலம் முடிந்தது, நாடாளுமன்றம் பெயர்களை அனுப்பியும் ஜனாதிபதி புதிய போர்டை நியமித்தது 2023 ஏப்ரலில். ஆறு மாதம் நாட்டின் பெரிய செய்தி நிறுவனத்துக்கு மேலே ஆளே இல்லை. போர்டு உறுப்பினர் நேர்காணல்களை நாடாளுமன்றத்தின் யூட்யூப் சேனலில் முழுசாகப் போடுகிறார்கள். மணிக்கணக்கில் ஓடும், தூக்கம் வரும். இருந்தாலும் உன் கட்டுரைக்கு எங்கிருந்தாவது தொடங்கவேண்டும் என்றால் அதிலிருந்து தொடங்கு, புரியாத இடத்தின் நேரத்தைக் குறித்து அனுப்பு, நான் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.